காய்ச்சல் என்று போனால் கால் நனைந்ததையும் சொல்லுங்கள்

கேள்வி: டாக்டர், நாங்கள் வியாசர்பாடியில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் திறந்த சாக்கடை. ராத்திரியானால் பாத்ரூம் வழியாகப் பெருச்சாளி வருகிறது. பரணில் எலி. காலையில் எழுந்தால் அடுப்பு மேடையில் புழுக்கை கிடக்கிறது. போன மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து, கண் மஞ்சளாகி, டயாலிசிஸ் வரைக்கும் போய்த்தான் பிழைத்தார். எலிக்காய்ச்சல் என்றார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. என் கணவர் கோயம்பேட்டில் மூட்டை இறக்குகிறார். ஏழு வயது மகனைப் போன மாதம் தூக்கத்தில் எலி விரலில் கடித்துவிட்டது. ரேபிஸ் ஊசி போடவில்லை, போட்டிருக்க வேண்டுமா? பிளேக் வருமா? குளிர்பான டின்னில் வாய் வைத்துக் குடித்து ஒருவர் இறந்ததாக வாட்ஸப்பில் வருகிறதே, உண்மையா? எலி மருந்து வைக்கலாமா, பூனை வளர்க்கலாமா? எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பையனைப் பற்றிப் பேசிவிடுவோம். கடிதத்தின் நடுவில் ஒரு வரியாக எழுதியிருந்தாலும், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த விரல்தான் என்று எனக்குப் படுகிறது. வீட்டெலி, சுண்டெலி கடித்ததற்காக ரேபிஸ் ஊசி பொதுவாகத் தேவைப்படுவதில்லை. நம் நாட்டில் ரேபிஸ் மனிதருக்கு வருவது பெரும்பாலும் நாய்க்கடியால்தான். எலிக்கடியில் நாங்கள் கவலைப்படுவது வேறு இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று டெட்டனஸ். ஐந்து வயதில் போட வேண்டிய பூஸ்டர் ஊசி போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவார்கள்.

இன்னொன்று எலிக்கடிக் காய்ச்சல். இது வேறு, பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வந்த எலிக்காய்ச்சல் வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். இதில் கடித்த காயம் ஆறிவிட்ட மாதிரி இருக்கும். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் அதே இடம் மறுபடி சிவந்து வீங்கும், நெறி கட்டும், காய்ச்சல் விட்டுவிட்டு வரும். பெனிசிலின் கொடுத்தால் கேட்கும். உங்கள் மகனுக்கு ஒரு மாதம் தாண்டிவிட்டது. காய்ச்சலோ, மூட்டு வலியோ, விரலில் வீக்கமோ இல்லையென்றால் அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள். இனி யாரையாவது கடித்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் காபித்தூளும் வேண்டாம். தூங்கப்போகும் முன் பையன் கையையும் வாயையும் கழுவிவிடுவதும் முக்கியம். எலி அந்த விரலைத் தேடி வந்திருக்காது, விரலில் ஒட்டியிருந்த சோற்று வாசனையைத்தான் தேடி வந்திருக்கும்.

சரி, எலிக்காய்ச்சலுக்கு வருவோம். சென்னை போன்ற ஒரு நகரத்தில் எலியால் வரும் நோய்களில் நீங்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இதுதான்.

இதை உண்டாக்கும் கிருமியின் பெயர் லெப்டோஸ்பைரா. சுருள் கம்பி போல மெலிந்து, நுனியில் கேள்விக்குறி போல வளைந்திருக்கும். அது எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. நன்றாகத் தின்று, குட்டி போட்டு, ஓடியாடிக்கொண்டே மாதக்கணக்கில் சிறுநீரில் கிருமியை விட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சிறுநீர் காய்ந்த தரையில் விழுந்து வெயில் பட்டால் கிருமி செத்துவிடும். தேங்கிய தண்ணீரிலும் ஈரமண்ணிலும் விழுந்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழை வந்து வளைகளுக்குள் தண்ணீர் புகுந்து, சாக்கடையும் தெருவும் ஒன்றாகும்போது, அவ்வளவும் நம் கணுக்காலைச் சுற்றி வந்து நிற்கிறது.

அது உடம்புக்குள் போகப் பெரிய காயம் எதுவும் வேண்டாம். பித்தவெடிப்பு போதும். விரலிடுக்குச் சேற்றுப்புண் போதும். சவரம் செய்த கீறல் போதும். வெகுநேரம் தண்ணீரில் ஊறித் தோல் வெளுத்துப்போயிருந்தாலே போதும். அழுக்குத் தண்ணீர் கண்ணிலோ வாயிலோ தெறித்தாலும் உள்ளே போகலாம். நாய், மாடு, பன்றியின் சிறுநீரிலும் இந்தக் கிருமி உண்டு என்பதால், எலியே கண்ணில் படாத தெருவில்கூட இந்த நோய் வருகிறது. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது மிக மிக அபூர்வம். பக்கத்து வீட்டு அண்ணனைப் பார்க்கப் போக நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

தண்ணீரில் நின்ற அன்றே காய்ச்சல் வராது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் வரும். சில சமயம் இரண்டாம் நாளே வரலாம், ஒரு மாதம் வரைக்கும்கூட இழுக்கலாம். நான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதே இந்த இடைவெளிக்காகத்தான். காய்ச்சல் வரும்போது தெரு காய்ந்திருக்கும், வீட்டைக் கழுவி முடித்திருப்பீர்கள், தண்ணீரில் நின்றது யாருக்கும் ஞாபகம் இருக்காது. டாக்டரிடம் போய் ‘காய்ச்சல், உடம்பு வலி’ என்று மட்டும் சொல்வீர்கள். மழைக்காலத்தில் அந்த இரண்டு வார்த்தையோடு ஒரு நாளில் நூறு பேர் வருகிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவரை இப்படித்தான் தவறவிட்டேன். டீக்கடையில் வேலை பார்த்தவர், முப்பது வயதிருக்கும். நான்கு நாள் காய்ச்சல். அதற்குள் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு முறை ‘செட்’ மாத்திரை வாங்கிப் போட்டிருந்தார். கண் இரண்டும் சிவப்பு. மெட்ராஸ் ஐ என்று முடிவுகட்டிச் சொட்டுமருந்து எழுதினேன். உடம்பு வலிக்கு ஒரு ஊசி போட்டேன். இரண்டு நாள் கழித்து அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கண்ணில் சிவப்போடு மஞ்சளும் சேர்ந்திருந்தது. சிறுநீர் சரியாகப் போகவில்லை. எங்கள் பெரிய டாக்டர் கட்டில் பக்கம் வந்தார். ஒன்றும் கேட்காமல் கெண்டைக்கால் சதையை இரண்டு விரலால் லேசாக அழுத்தினார். அந்த மனிதர் ‘அம்மா’ என்று கத்திக் காலை இழுத்துக்கொண்டார்.

“தண்ணியில நின்னியாப்பா?”

“கடைக்குள்ள சாக்கடைத் தண்ணி பூந்துடுச்சு சார். ரெண்டு நாள் பக்கெட்டால மொண்டு ஊத்துனோம்.”

“இதை ஏன்பா சொல்லல?”

“யாரும் கேக்கல சார்.”

கேட்காதவன் நான். அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். முதல் நாளே நான் கேட்டிருந்தால் ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டு வேலைக்குத் திரும்பியிருப்பார்.

அவருடைய கண்ணை இப்போதும் என்னால் கண்முன் கொண்டுவர முடிகிறது. மெட்ராஸ் ஐயில் பீளை தள்ளும், இமை ஒட்டிக்கொள்ளும், கண் உறுத்தும். அவருக்குப் பீளையே இல்லை. மிளகாய்ப் பட்ட கண் மாதிரி சிவந்திருந்தது, அவ்வளவுதான். காய்ச்சலோடு பீளை இல்லாத சிவந்த கண், தொட்டாலே வலிக்கும் கெண்டைக்கால், நிமிர முடியாத இடுப்பு வலி, மண்டையைப் பிளக்கும் தலைவலி: இவை சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலை நினைக்காமல் இருக்கக் கூடாது. எல்லாமே எல்லோருக்கும் வருவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இது சாதாரணக் காய்ச்சல் போல வந்து போய்விடும். நூற்றில் ஐந்து, பத்துப் பேருக்கு முற்றுகிறது. மஞ்சள் காமாலை வரும், சிறுநீரகம் நின்றுபோகும், நுரையீரலுக்குள் ரத்தம் கசியும். இந்த முற்றிய நிலையைத்தான் 1886-ல் அடால்ஃப் வைல் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்து எழுதினார். கிருமி என்ன என்பது 1915-ல் ஜப்பானில்தான் தெரிந்தது. தண்ணீர் ஊறும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் நோயாக இருந்தது அங்கே. நம் நாட்டிலும் இது வெகுநாள் முகம் காட்டாமல் இருந்திருக்கிறது. அந்தமானில் 1988 முதல் மழை முடிந்ததும் இருமலில் ரத்தம் வந்து ஆட்கள் இறந்தார்கள். என்ன நோயென்று தெரியாமல் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது லெப்டோஸ்பைராதான் என்று 1993-ல் உறுதியானது. மும்பையில் 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி ஊரே மூழ்கியது. அதற்கு அடுத்த வாரங்களில் அந்த நகரத்து ஆஸ்பத்திரிகளில் நிறைந்ததும் இந்தக் காய்ச்சல்தான்.

இந்த நோயில் ரத்தத் தட்டணுக்களும் குறையும். அதனால் டெங்கு என்று நினைத்துத் தட்டணுக்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது நடக்கிறது. பரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. பொதுவாகச் செய்யும் ரத்தப் பரிசோதனை, காய்ச்சல் வந்து ஐந்து முதல் ஏழு நாள் ஆன பிறகுதான் நம்பகமாகக் காட்டும். மூன்றாம் நாள் எடுத்து ‘நெகட்டிவ்’ என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. ஆனால் மருந்து நன்றாக வேலை செய்வது அந்த முதல் நாட்களில்தான். அதனால் சந்தேகம் இருந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் சிகிச்சையை ஆரம்பித்துவிடுவோம். ஆரம்பத்தில் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, முற்றினால் பெனிசிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. எல்லாமே பழைய மருந்துகள், விலை குறைவானவை, அரசு மருத்துவமனையில் இருப்பவை.

ஆகவே நீங்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்: “பத்து நாளைக்கு முன்னாடி தெருவில் தேங்கின தண்ணியில் நடந்தோம், காலில் வெடிப்பு இருக்கு, வீட்டில் எலி இருக்கு, பக்கத்து வீட்டில் ஒருத்தருக்கு எலிக்காய்ச்சல் வந்தது.” பத்து விநாடி ஆகாது. எந்த ஸ்கேனிலும் இந்தத் தகவல் வராது, உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். கணவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் மார்க்கெட்டில் வேலை செய்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அழுகிய காய்கறியும் ஈரச் சேறும் எலியும் ஒன்றாக இருக்கும் இடத்தில் வெறுங்காலோடு நிற்கும் வேலை அது.

அதற்கு முன்னால் மெடிக்கல் ஷாப்பில் ‘செட்’ மாத்திரை வாங்காதீர்கள். அதில் வலிக்காகச் சேர்க்கும் மாத்திரை, ஏற்கெனவே அடிவாங்கிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, சளியில் ரத்தம், குழப்பமாகப் பேசுவது – இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள்.

தடுப்பு மாத்திரை உண்டா என்று அடுத்து கேட்பீர்கள். உண்டு. 1982-ல் பனாமா காட்டில் பயிற்சிக்குப் போன அமெரிக்க ராணுவ வீரர்களில் ஒரு பாதிக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளினும், மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 20 பேருக்கு எலிக்காய்ச்சல் வந்தது, மருந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கு. 2018 வெள்ளத்தின்போது கேரள அரசு மீட்பு வேலையில் இருந்தவர்களுக்கும் வெள்ளத்தில் சிக்கியவர்களுக்கும் இதே மாத்திரையைக் கொடுத்தது. ஆனால் இது வருஷம் முழுக்கப் போட்டுக்கொள்ளும் சத்து மாத்திரை அல்ல. உங்கள் தெருவில் மறுபடி தண்ணீர் நின்று, கணவர் தினமும் அதில் இறங்க வேண்டியிருந்தால், அந்த வாரங்களுக்கு மட்டும் மழைக்கால மருத்துவ முகாமில் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. உங்கள் மகனுக்கு நீங்களாக அதைக் கொடுத்துவிட வேண்டாம்.

இதன் கூடவே வரும் இன்னொரு காய்ச்சலையும் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரப் டைபஸ். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் குஞ்சு கடித்து வருவது. அந்தக் குஞ்சு வழக்கமாக ரத்தநீர் உறிஞ்சுவது எலி, பெருச்சாளி மேல்தான். மழை ஓய்ந்து குளிர் ஆரம்பிக்கும் மாதங்களில் அதிகம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குள், தொடையிடுக்கு, பாவாடை நாடா கட்டும் இடம், மார்பின் அடிப்பக்கம் என்று நாம் பார்க்காத, காட்டக் கூச்சப்படும் இடங்களில்தான் இருக்கும். ஐந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லையென்றால் பையனைக் குளிப்பாட்டும்போது உடம்பு முழுக்கத் தேடுங்கள். பெரியவர்கள் கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பொருக்கைக் காட்டிவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. இதற்கும் டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின்தான்.

பிளேக்குக்குப் பயப்பட வேண்டாம். 1896-ல் பம்பாயில் அது இறங்கியபோது என்ன நடந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் கதையாகச் சொல்லியிருப்பார்கள். எலித் தெள்ளுப்பூச்சி வழியாக அது பரவுகிறது என்று 1898-ல் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தியாவில் வேலை செய்தபோதுதான் கண்டுபிடித்தார். 1994-ல் சூரத்தில் வந்தபோது ஊரே ரயிலேறி ஓடியது. அதற்குப் பின் 2002-ல் இமாச்சலத்திலும் 2004-ல் உத்தராகண்டிலும் சிறிய அளவில் தலைகாட்டி அடங்கியது. இன்றைக்கு மருந்து இருக்கிறது, கண்காணிப்பும் இருக்கிறது. ஒரே இடத்தில் காரணமில்லாமல் எலிகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தால் மட்டும் மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். செத்த எலியைக் கையால் தொடாதீர்கள். உடம்பு குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சி அதைவிட்டு இறங்கி அடுத்த உடம்பைத் தேடும்.

புழுக்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பிள்ளை இருக்கும் வீடு என்பதால் சொல்கிறேன். எலியின் குடலில் இருக்கும் குட்டை நாடாப்புழு பிள்ளைகளுக்கும் வரும். எலிப்புழுக்கை விழுந்த தின்பண்டம், அரிசி மாவிலிருக்கும் வண்டு, கழுவாத கை இவை வழியாக. ஒருமுறை வந்தால் வீட்டுப் பிள்ளைகளுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரைக்கு இது சரியாகக் கேட்காது, வேறு மருந்து வேண்டும். அடிக்கடி வயிற்றுவலி, பசியின்மை என்று பையன் சொன்னால் மலப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். எலி நுரையீரல் புழு என்று இன்னொன்று உண்டு, நத்தை வழியாக வருவது. கேரளத்தில் சிலருக்கு மூளையுறைக் காய்ச்சலாக வந்திருக்கிறது. பச்சையாகச் சாப்பிடும் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவுங்கள், பையன் நத்தையைப் பிடித்து விளையாடினால் கை கழுவச் சொல்லுங்கள், போதும்.

மூஞ்சூறையும் எலிக் கணக்கில் சேர்த்து அடிக்கிறார்கள். அது எலி இனமே அல்ல. பூச்சி தின்னும் பிராணி, கரப்பான்பூச்சியைப் பிடித்துத் தின்று நமக்கு நல்லதும் செய்கிறது. 1964-ல் வேலூரில் ஒரு மூஞ்சூறிலிருந்து பிரித்தெடுத்த வைரஸுக்கு அந்த ஊரின் ஒரு பகுதியான தோட்டப்பாளையம் என்றே பெயர் வைத்தார்கள். எங்கள் துறையில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் அது. அந்த வைரஸ் மனிதரைப் படுத்துவதாகத் தெரியவில்லை.

டின் விஷயம்: அந்த வாட்ஸப் செய்தி வெவ்வேறு ஊர்ப்பெயரோடு வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. காய்ந்த தகரத்தின் மேல் இந்தக் கிருமி நெடுநேரம் தாங்காது. இருந்தாலும் கடைக் கிடங்கில் எலி ஓடாமல் இருக்காது. துடைத்துக் கழுவிவிட்டுக் குடியுங்கள்.

இப்போது எலி மருந்து. இதில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வைக்காதீர்கள்.

எலி பேஸ்ட் என்று டியூபில் விற்றதில் மஞ்சள் பாஸ்பரஸ் இருந்தது. தக்காளித் துண்டிலும் தேங்காய்ச் சில்லிலும் தடவி மூலையில் வைப்பார்கள். அதை எடுத்து வாயில் போட்ட குழந்தை முதல் நாள் வாந்தி எடுக்கும், பிறகு ஓரிரு நாள் ஒன்றுமே நடக்காதது போல விளையாடும். ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். மூன்றாம் நாள் ஈரல் போய்விட்டிருக்கும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. தமிழக அரசு 2023-ல் இதை நிரந்தரமாகத் தடை செய்தது. அப்படியும் பழைய டியூப் எங்காவது பரணில் கிடக்கலாம், தேடிப் பார்த்து அப்புறப்படுத்துங்கள். யாராவது சாப்பிட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், நன்றாக இருக்கிறார் என்று காத்திருக்காமல், அந்த டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலிக்காக வீட்டுக்குள் வைத்த மருந்தின் நெடியில் ஒரு குடும்பமே மயங்கி இரண்டு குழந்தைகள் இறந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எலியால் வரும் எந்த நோயும் அவ்வளவு வேகமாக ஒரு வீட்டைக் காலி செய்வதில்லை. பிள்ளை தூங்கும் வீட்டில் விஷத்துக்கு இடமில்லை.

ஒட்டும் அட்டையும் வேண்டாம். அதில் மாட்டிய எலி இரவெல்லாம் துடித்து அங்கேயே சிறுநீர் கழிக்கிறது, பிரித்தெடுக்கப் போகிறவரைக் கடிக்கிறது. இரும்புக் கூண்டு நல்லது. எலிக்குப் புதிய பொருள் என்றால் சந்தேகம். அதனால் மூன்று நாள் கூண்டைத் திறந்தே வைத்து, உள்ளே மசால்வடையோ சுட்ட கருவாட்டுத் துண்டோ வைத்துத் தின்னப் பழக்குங்கள். நான்காம் நாள் கொக்கியை மாட்டுங்கள். பிடித்ததை அடுத்த தெருவில் விட்டால் திரும்பி வரும், இல்லையென்றால் அங்கே வேறொரு பிள்ளையின் வீட்டுக்குப் போகும். கூண்டோடு பக்கெட் தண்ணீரில் முக்கிக் கொல்லும் வழக்கம் பல வீட்டில் உண்டு. அந்தப் பக்கெட்டில்தான் மறுநாள் குளிக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். பூனை இருந்தால் சுண்டெலி ஒதுங்கும், பெருச்சாளி ஒதுங்காது. பிடித்திருந்தால் வளருங்கள், எலிக்காக மட்டும் வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் பூனையின் மலத்தை அவர் அள்ளக் கூடாது.

எலியை உண்மையில் நிறுத்துவது வாசலை அடைப்பதுதான். பெருச்சாளி உங்கள் பாத்ரூம் கழிவுநீர்க் குழாய் வழியாக வருகிறது. ஸ்டீல் ஜாலி மூடி நூறு, இருநூறு ரூபாய்க்குள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். இரவில் அதன் மேல் ஒரு செங்கல்லையும் வையுங்கள். வாடகை வீடென்று தயங்காமல் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வீட்டெலிக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை போதும், சுண்டெலிக்குப் பென்சில் நுழைந்தால் போதும். குழாய் சுவரில் நுழையும் இடம், கதவின் அடி, ஜன்னல் மூலை எல்லாவற்றையும் ஒரு நாள் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடித் தூள் கலந்த சிமெண்டால் அடையுங்கள், வெறும் துணியைத் திணித்தால் கடித்துக் கூடு கட்டிக்கொள்ளும். ராத்திரி எச்சில் பாத்திரம் போட்டுவைக்காதீர்கள், அரிசியும் பருப்பும் எவர்சில்வர் டப்பாவுக்குப் போகட்டும், குப்பையைக் காலையில் வண்டி வரும்போது வெளியே வையுங்கள். திறந்த சாக்கடைக்கு மூடி போட மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் ஒரு புகார், தெருவே சொன்னால் ஆள் வரும்.

அடுப்பு மேடைப் புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசியாகப் பறக்கும். ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து அதன் மேல் ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய துணியால் துடைத்து அந்தத் துணியையும் போட்டுவிடுங்கள். கையில் ஒரு பாலிதீன் பை மாட்டிக்கொண்டால் போதும்.

கடைசியாக ஒரு வேலை. இன்றைக்கு ராத்திரி உங்கள் கணவர் வந்ததும் காலைக் கழுவச் சொல்லி, விளக்கு வெளிச்சத்தில் குதிகாலையும் விரலிடுக்கையும் பாருங்கள். வெடிப்பு இருந்தால் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, வாஸ்லின் தடவிப் பழைய சாக்ஸ் மாட்டிவிடுங்கள். விரலிடுக்கு வெளுத்து ஊறியிருந்தால் அங்கே வாஸ்லின் வேண்டாம், நன்றாக உலர்த்திச் சேற்றுப்புண் களிம்பு போடுங்கள். இரண்டு வாரத்தில் தோல் மூடிக்கொள்ளும். அதுவரைக்கும் மார்க்கெட்டுக்கு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். கனமாக இருக்கிறது, மூட்டை தூக்கும்போது வழுக்குகிறது என்று சொல்வார். அடிப்பக்கம் பல் வெட்டியதாகப் பார்த்து வாங்கினால் வழுக்காது.

அன்புடன்,
உங்கள் டாக்டர்